திருவுளச் சீட்டும் மருந்தும்

நாட்பட்ட இரத்தப் புற்றுநோய்களுள் நிணக்கல வகை பெரும்பாலும் முதுமையில் வருவது; மெல்லப் பெருகுவது. முன்னர் சிகிச்சை பெறாத இந்நோயாளர் 817 பேரை, 2003 முதல் 2006 வரை, ஜேர்மன் ஆய்வுக் குழுவொன்று பதினொரு நாடுகளிற் சேர்த்துச் சோதனை நடத்திற்று. புளூடராபின், சைக்கிளோபொஸ்பமைட் என்னும் இரு மருந்துகள் 409 பேருக்கு. அவற்றோடு றிற்றுக்சிமாப் என்னும் மூன்றாவதும் 408 பேருக்கு. யாருக்கு எது என்பதைத் தீர்மானித்தவர் வைத்தியரல்லர். திருவுளச் சீட்டை ஒத்த ஏற்பாடே தீர்மானித்தது.

உயிரை வைத்துச் சீட்டா என வாசகர் முகஞ் சுளிக்கலாம். யானும் முதலிற் சுளித்தவனே. ஆயின், வைத்தியரே தெரிந்தெடுப்பின் உடல்வலி மிக்கோர்க்கே மும்மருந்தும் போய்ச் சேர்தல் கூடும். அவர்கள் பிழைத்தது மருந்தாலோ வலிமையாலோ என்று பின்னர் யார் சொல்வது? மேலும், மூன்றாம் மருந்து தீங்கு செய்யாதென முன்கூட்டி அறிந்தவர் எவர்? உண்மையிற் கடும் வெள்ளணுக் குறைவு மும்மருந்து பெற்றோருள் நூற்றுக்கு 34 பேரையும், மற்றையோருள் 21 பேரையும் வருத்திற்று.

எனினும், மூன்றாண்டு கழிந்தபோது மும்மருந்துப் பிரிவில் நூற்றுக்கு 87 பேர் உயிரோடிருந்தனர். மற்றையதில் 83 பேர். நால்வர்தானா என்பீர்கள். அந்நால்வருள் ஒருவர் நம் வீட்டுப் பெரியவராயின் அவ்வாறு கேட்கமாட்டோம். முதற் சிகிச்சையின் தெரிவு இந்நோயாளரின் ஆயுளை நீட்டும் என்பதை 2010 இல் வெளியான இம்முடிவே நிலைநாட்டிற்று.

வென்ற அம்மும்மருந்தே, 2019 இல் முடிவு வெளியான அமெரிக்கச் சோதனையொன்றிற் பழைய மருந்தாகி எதிர்ப்பக்கத்தில் நின்றது. எழுபது வயதுக்கு மேற்படாத 529 பேர் அதிற் சேர்ந்தனர். இப்றூற்றினிப் மாத்திரையும் றிற்றுக்சிமாபும் பெற்றோருள், மூன்றாண்டில், நூற்றுக்கு ஏறத்தாழ 99 பேர் உயிரோடிருந்தனர். மும்மருந்து பெற்றோருள் 91 பேருக்குச் சற்று மேல்.