நுண்துளைக் கான்கிரீட் கூரைகளும் இங்கிலாந்து மருத்துவமனைகளும்

வலுவூட்டிய நுண்துளைக் கான்கிரீட் என்பது தொழிற்சாலையில் முன்வார்ப்பு முறையில் செய்யப்படும் எடை குறைந்த கட்டுமானப் பலகை ஆகும். ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைக் கொண்டு இது ராக் எனவும் அழைக்கப்படுகிறது. 1950கள் முதல் 1990கள் வரை பிரித்தானியாவின் பள்ளிகள், மருத்துவமனைகள் முதலிய பொதுக் கட்டடங்களில், பெரும்பாலும் தட்டைக் கூரைகளுக்கு இது பயன்பட்டது. 2023 இல் இக்கூரைகளின் பாதுகாப்பு அங்கு பெரும் அரசியற் சிக்கலானது.

தயாரிப்பு

நுண்துளைக் கான்கிரீட்டை 1920களில் சுவீடனைச் சேர்ந்த ஆக்செல் எரிக்சன் உருவாக்கினார். இதில் ஜல்லி கிடையாது. சிமெண்டு, சுண்ணாம்பு, நுண்மணல் ஆகியவற்றின் குழம்பில் அலுமினியத் தூள் சேரும்போது ஐதரசன் வளிமம் தோன்றி, கலவை புளித்த மாவு போல உப்புகிறது. பின்னர் அது உயரழுத்த நீராவியில் இறுக வைக்கப்படுகிறது. வழக்கமான கான்கிரீட் ஒரு கனமீட்டருக்கு ஏறத்தாழ 2,400 கிலோகிராம் எடை கொண்டது. ராக் 600 முதல் 800 கிலோகிராம் வரையே. வலிமையும் மிகக் குறைவு.

பொறியியல் பகுப்பாய்வு

வழக்கமான கான்கிரீட் எஃகுக் கம்பியை அதன் முழு நீளத்திலும் பற்றிக்கொள்கிறது. ராக் பலகையில் ஈரம் எளிதில் புகுவதால் கம்பிகளுக்குத் துருத்தடுப்புப் பூச்சு இடப்படுகிறது. அதனால் பற்று குறைகிறது. முனைகளுக்கு அருகே பற்றவைக்கப்பட்ட குறுக்குக் கம்பிகளே கம்பிக்குப் பிடிமானம் தருகின்றன. எனவே பலகை சுவரின்மீது அமரும் சில சென்டிமீட்டர் நீளம் மிக முக்கியமானது. அது 75 மில்லிமீட்டருக்குக் குறைந்தாலோ, குறுக்குக் கம்பி தாங்கியின்மேல் அமையாவிட்டாலோ, வெட்டுவிசையால் முனை திடீரென உடையக்கூடும்.

நடுப்பகுதி தொய்வதைக் கண்ணால் காணலாம். முனை உடைவதற்கு அத்தகைய முன்னறிகுறி இல்லாமற் போகலாம். ஆகவே தொய்வில்லாத கூரை பாதுகாப்பானது எனக் கொள்ள இயலாது. தேங்கும் மழைநீர் சுமையைக் கூட்டுவதோடு பலகையின் வலிமையையும் குறைக்கிறது.

நிகழ்வுகள்

2018 சூலையில் கெண்ட் பகுதியில் தொடக்கப்பள்ளி ஒன்றின் கூரை இடிந்தது. வார இறுதி ஆதலால் எவரும் காயமுறவில்லை. ஆபத்துக் குறைந்தது எனக் கருதப்பட்ட கூரைகளும் பின்னர் உடைந்ததால், 2023 ஆகத்து 31 அன்று இங்கிலாந்தில் நூற்றுக்கு மேற்பட்ட பள்ளிகளின் பாதிக்கப்பட்ட பகுதிகளை மூடுமாறு அரசு பணித்தது.

மருத்துவமனைகளின் நிலை

பள்ளியை மூடி வகுப்புகளை வேறிடத்தில் நடத்தலாம். மருத்துவமனையை அவ்வாறு காலி செய்வது அரிது. 1980 இல் திறக்கப்பட்ட கிங்ஸ் லின் நகரின் குயின் எலிசபெத் மருத்துவமனையில் 3,000க்கும் மேற்பட்ட முட்டுகள் கூரையைத் தாங்க, அவற்றினிடையே சிகிச்சை தொடர்ந்தது. இது உட்பட ஏழு மருத்துவமனைகளை 2030க்குள் மாற்றிக் கட்டுவதாக 2023 மே மாதத்தில் அரசு அறிவித்தது. 2025 சனவரியில் வெளியான திட்டத்தில், அவற்றுட் பெரும்பாலானவற்றின் முதன்மைக் கட்டுமானத் தொடக்கமே 2027–2028 எனக் குறிக்கப்பட்டது.

முட்டுகள் முனையின் சுமையைப் பகிர்ந்து காலத்தை நீட்டிக்கின்றன. பலகையின் குறையை நீக்குவதில்லை. எனவே புதிய கட்டடம் தாமதமாகும் ஒவ்வோர் ஆண்டும் ஆய்வும் கண்காணிப்பும் தொடர வேண்டியுள்ளது.