கடைத்தெருவைப் பழிப்போர்க்கு

இலக்கியக் கூட்டங்களுக்குச் செல்லும் வழக்கமுடைய அன்பர்கள் இதைப் பலமுறை கேட்டிருப்பீர்கள். மேடையேறும் கவிஞர் முதலில் சமகாலத்தைச் சாடுவார். சனி, ஞாயிறு வந்தால் போதும், குடும்பம் குடும்பமாகக் கடைத்தெருவில் விழுகிறார்கள். கட்டைப்பை கிழியும்வரை துணி வாங்குகிறார்கள். பிறகு ஓட்டல் வாசலில் இடம் கிடைக்கும்வரை காத்துக் கிடந்து நெய் ரோஸ்ட் தின்கிறார்கள். ஒரு கவிதை நூல் விற்பதில்லை என்பார். 'நுகர்வு வெறி' என்ற சொல் மூன்று முறையாவது வந்து போகும். கைதட்டல் எழும். அடுத்த பத்தாவது நிமிடத்தில் அதே கவிஞர் பூம்புகாருக்குள் புகுந்துவிடுவார். மருவூர்ப்பாக்கம் என்பார், பட்டினப்பாக்கம் என்பார். கடல்வழி வந்த குதிரைகளும் மலையிலிருந்து இறங்கிய பொன்னும் ஈழத்து உணவும் நாளங்காடியின் இரைச்சலும் அவர் குரலைத் தழுதழுக்கச் செய்யும். அதற்கும் கைதட்டல் எழும்.

அண்மையில் ஒரு சனிக்கிழமை மயிலாடுதுறையில் நாங்கள் நால்வர் கேட்ட உரையும் இவ்வாறே அமைந்தது. ஒரே உரைக்குள் அங்காடி இழிவாகவும் பெருமையாகவும் இருக்க முடிகிறதென்றால் இரண்டுக்கும் இடையே என்ன மாறிற்று என்று கேட்க வேண்டாமா? எங்களுக்குத் தெரிந்த ஒரே மாற்றம், பழைய அங்காடியில் வாங்க வந்தவர்கள் இன்று உயிரோடில்லை என்பதுதான். அவர்கள் நம்மோடு பேருந்தில் இடித்துக்கொண்டு வருவதில்லை; ஓட்டலில் நாம் உட்கார நினைத்த மேசையைப் பிடித்துக்கொள்வதும் இல்லை. ஆகவே அவர்களை நேசிப்பது எளிது.

இடைப்பிறவரலாக ஒன்று. 'நுகர்வு' என்பதை வசைச்சொல்லாக்கியது நம் சிற்றிதழ்கள். மணிமேகலையில் அது பௌத்தம் கூறும் பன்னிரு நிதானங்களுள் ஒன்று. ஊறுக்கும் வேட்கைக்கும் நடுவே நிற்பது. உயிருள்ள எவரும் அதற்கு விலக்கில்லை, மேடையில் இருப்பவர் உட்பட.

நம் கவிஞர் தமது சாடலை எழுதும் முன் சிலப்பதிகாரத்தின் கடலாடு காதையை ஒருமுறை புரட்டியிருக்கலாம். உவவு நாள், ஊரே கடல் விளையாட்டுக்குக் கிளம்புகிறது, மாதவிக்கும் போய்ப் பார்க்க ஆசை எழுகிறது. விடியுமுன்னர்க் கோவலன் கோவேறு கழுதை மேலும் அவள் வண்டியிலுமாகப் புறப்பட்டு, செல்வம் குவிந்த வீதிகளைக் கடந்து கடற்கரை சேர்கிறார்கள். இதைத்தானே இன்று ஒரு குடும்பம் ஞாயிற்றுக்கிழமை செய்கிறது? அவர்களுக்குக் கோவேறு கழுதை இருந்தது, நமக்கு இருசக்கர வண்டி. அன்று அந்த உலா ஒரு பாட்டில் தொடங்கி ஊடலில் முடிந்தது. இன்றும் பல குடும்பங்களில் அப்படித்தான் முடிகிறது, பாட்டு மட்டும் கிடையாது.

அந்தக் கடற்கரையை இளங்கோ எப்படிக் காட்டுகிறார் என்பது எங்கள் வாதத்துக்கு முக்கியம். இருட்டில் தெரிந்த விளக்குகளை அவர் வரிசையாக எண்ணிக்கொண்டு போகிறார். 'ஆயிரம் விளக்குகள் ஒளிர்ந்தன' என்று ஒரே வாக்கில் முடித்திருக்கலாம். அப்படி முடிக்கவில்லை. சாந்தும் மலரும் விற்பவர் ஏற்றிய விளக்கு, கம்மியர் விளக்கு, மோதகம் விற்பவர் விளக்கு, அப்பம் சுடுபவர் விளக்கு, கடை வைத்திருக்கும் பெண்ணின் விளக்கு, இடையிடையே மீன் விற்பவர் விளக்கு என்று ஒவ்வொன்றும் யாருடையது என்பதைச் சொல்லியே கடக்கிறார். கலங்கரை விளக்கமும் அந்த வரிசையில்தான் வருகிறது, அதற்குத் தனி மரியாதை ஒன்றுமில்லை. நம் மேடைகளில் சரக்குகள் மட்டுமே எண்ணப்படுகின்றன. விற்றவரை எண்ணியவர் இளங்கோ ஒருவர்தாம்; அவர் பெயரைச் சொல்லிக்கொண்டே நாம் அவர் எண்ணியதை விட்டுவிட்டோம்.

நிற்க. வாங்க வருபவரை முதலில் பார்ப்போம். வார இறுதியில் மயிலாடுதுறையிலோ கும்பகோணத்திலோ கடைத்தெருவை நிறைப்பவர் யார்? பெரும்பாலும் சுற்று வட்டாரக் கிராமத்தார். வங்கியில் பணம் போட்டு வைத்து ஆண்டு முழுவதும் செலவழிப்போரல்லர். ஜூன் 12 என்ற நாளில் மேட்டூர் திறக்குமா திறக்காதா என்பதைப் பொறுத்தே இங்கே தீபாவளித் துணியின் அகலம் அமையும். 2024இல் ஜூலை கடைசியில்தான் திறந்தார்கள். அந்த ஆண்டு குறுவை பொய்த்தவர்களின் வீட்டில் 'நுகர்வு வெறி' எப்படி இருந்தது என்பதை நம் கவிஞர் விசாரித்திருக்கலாம்.

இன்னும் பின்னே போனால் கதை வேறு. பண்ணையாள் முறை நிலவிய தஞ்சைத் தரணியில் வயலில் உழைத்தவருக்குத் துணி என்பது கடையில் தேர்ந்தெடுத்து வாங்கும் பொருளாக இருக்கவில்லை. மிராசுதார் நல்ல நாளில் கொடுத்தால் உண்டு. கொடுத்ததன் நிறத்தையும் நீளத்தையும் பற்றிப் பேச இடமில்லை. 1952இல் தஞ்சாவூர்ப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகும், 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 பேர் ஒரு குடிசைக்குள் எரிந்து செத்தார்கள். அதற்கு முந்தைய தகராறு கூலியைப் பற்றியது. அந்தக் கூலி கைக்கு வந்து, அதை எடுத்துக்கொண்டு டவுனுக்குப் போய், 'அந்த மாம்பழக் கலரை எடுங்க' என்று விரல் நீட்டிச் சொல்வதற்கு எத்தனை தலைமுறை ஆயிற்று என்பதைக் கணக்கிடாமல் கடைத்தெருக் கூட்டத்தைப் பார்த்து முகஞ்சுளிப்பது, பரம்பரையாக அலமாரி நிறைய வேட்டி வைத்திருந்தவர்களுக்கே இயலும்.

ஓட்டலும் அவ்வாறே. நம் அரசியலமைப்புச் சட்டத்தின் 15ஆம் உறுப்பு என்ன சொல்கிறது? மதம், இனம், சாதி, பால், பிறப்பிடம் என்பவற்றை மட்டும் காட்டி எந்தக் குடிமகனையும் கடைகளிலும் உணவு விடுதிகளிலும் பொதுக் கேளிக்கை இடங்களிலும் நுழையவிடாமல் தடுக்கக் கூடாது என்கிறது. கோயிலையும் பள்ளியையும் பற்றிப் பேசும் உறுப்புகள் தனியே உள்ளன. இந்த உறுப்பில் கடையையும் ஓட்டலையும் பெயர் சொல்லி எழுதினார்கள், ஏனெனில் அவற்றின் வாசலில்தான் நாள்தோறும் அவமானம் நடந்தது. சட்டம் நடைமுறைக்கு வந்தது 1950இல். ஏழாண்டுக்குப் பிறகும் சென்னையில் ஓட்டல் பெயர்ப்பலகையிலிருந்து 'பிராமணாள்' என்ற சொல்லை அகற்றப் பெரியார் மறியல் நடத்த வேண்டியிருந்தது. தேநீர்க் கடைகளின் இரட்டைக் குவளை அதற்குப் பிறகும் நெடுநாள் நீடித்தது. எனவே ஒரு ஞாயிற்றுக்கிழமை மின்விசிறிக்கு அடியில் மேசை பிடித்து அமர்ந்து, சர்வரை அழைத்து, சட்னி போதவில்லை என்று ஒருவர் குரலை உயர்த்தினால் எங்கள் காதுக்கு அது நன்றாகவே இருக்கிறது.

இதுவரை எங்களோடு தலையசைத்து வந்த நண்பர்கள் சிலர் இனி அசைக்காமல் இருக்கக்கூடும். வாங்குபவர் உள்ளே நுழையும் உரிமையைப் பேசியாயிற்று. விற்பவர் உட்காரும் உரிமை என்ன ஆயிற்று?

மேற்சொன்ன கூட்டம் முடிந்த மாலை, எங்களுள் ஒருவருக்கு வேட்டி வாங்க ஒரு பெரிய துணிக்கடைக்குப் போனோம். கடையின் பெயர் இங்கே வேண்டாம். மூன்றாம் தளத்தில் பத்தொன்பது இருபது வயது மதிக்கத்தக்க பெண் ஒருத்தி, ஒரு பாதத்தை மற்றொரு பாதத்தின் மேல் வைத்து, அடுக்கில் தோள் சாய்ந்து நின்றிருந்தாள். எங்களைக் கண்டதும் நிமிர்ந்தாள். நாற்பது வேட்டிகளை விரித்துக் காட்டினாள். எங்களோடு வந்த தோழி கேட்டார்:

"ஏம்மா, உக்கார ஒரு ஸ்டூல் கூடவா இல்ல?"

"இருக்குக்கா. சாப்பாட்டு ரூம்ல இருக்கு."

எந்த ஊர் என்று கேட்டதற்குப் பூம்புகாருக்குப் பக்கம் என்றாள். அந்தச் சொல் காதில் விழுந்ததும் எங்களுள் ஒருவர் (இதை எழுதும்போது அவருக்கே வெட்கமாக இருக்கிறது) நாளங்காடியைப் பற்றி அவளுக்கு விளக்கத் தொடங்கினார். மரங்களடர்ந்த சோலை, இரு பாக்கங்களுக்கும் இடைப்பட்ட நிலம், கொடுப்பவர் குரலும் வாங்குபவர் குரலும் என்று அவர் அடுக்க, அவள் பொறுமையாக வேட்டிகளை மடித்துக்கொண்டே கேட்டாள். முடிவில், "ஸ்கூல்ல படிச்சிருக்கோம் சார். பில் போட்டுறலாமா?" என்றாள். கவிஞரைக் கிண்டல் செய்துகொண்டு வந்த நாங்களும் வேறு ஆட்களல்லர் என்பது அப்போது விளங்கிற்று.

சட்டம் இல்லாமலில்லை. கோழிக்கோட்டின் மிட்டாய்த் தெருவில் தையற்காரரான விஜி 2009இல் தொடங்கிய 'பெண்கூட்டு' அமைப்பு, கடைப் பெண்களுக்குக் கழிப்பறை கேட்டுப் போராடியது; அது வளர்ந்து உட்காரும் உரிமைக்கான போராட்டமாயிற்று. 2018இல் கேரளம் சட்டத்தைத் திருத்தியது. தமிழகம் 2021 செப்டம்பரில் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 22-அ என்ற பிரிவைச் சேர்த்தது. கடையில் வேலை செய்யும் எல்லோருக்கும் தகுந்த இருக்கை வேண்டும். வேலைக்கு நடுவே உட்கார வாய்க்கும்போது அவர்கள் உட்காரலாம். இவ்வளவுதான் அந்தப் பிரிவு. 1947ஆம் ஆண்டுச் சட்டத்தில் இந்த வரியைச் சேர்க்க 74 ஆண்டு ஆகியிருக்கிறது. பத்துப் பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் கடைகள் நாள் முழுவதும் இரவு முழுவதும் திறந்திருக்கலாம் என்ற அனுமதி அதற்கு இரண்டாண்டு முன்பே, 2019இல் வந்துவிட்டது. அல்லங்காடிக்கு ஆணை முதலில், ஸ்டூலுக்கு ஆணை பிறகு. (அல்லங்காடி என்பதை மதுரைக்காஞ்சி மதுரைக்குச் சொல்கிறது. மேடைகளில் அதைப் புகாருக்கு ஏற்றிச் சொல்வோர் கவனிக்க.)

அந்தப் பிரிவைப் பற்றி நாங்கள் படிக்கும் இலக்கிய இதழ்களில் ஒரு கட்டுரைகூட எங்கள் கண்ணில் படவில்லை. நுகர்வுப் பண்பாட்டைப் பற்றிப் படித்துப் படித்துக் கண் பூத்துவிட்டது. 2010இல் வசந்தபாலன் இயக்கத்தில், ஜெயமோகன் வசனத்தில் 'அங்காடித் தெரு' வந்தது. துணிக்கடை ஊழியரின் கால்களை அந்தப் படம் காட்டியது. அதன் தலைப்பிலேயே சிலப்பதிகாரத்து அங்காடி இருந்தும், பழைய அங்காடியையும் புதிய அங்காடியையும் ஒரே பார்வையில் வைத்துப் பேச நம்மவர்க்கு மனம் வரவில்லை.

கடை முதலாளியை விட்டுவிட்டு ஏழைக் கவிஞரைப் பிடிப்பானேன் என்று சிலர் கேட்பர். முதலாளி நம் பக்கங்களைப் படிப்பதில்லை; கவிஞர் படிக்கிறார். மேலும் முதலாளி அந்தப் பெண்ணைப் பார்த்துக்கொண்டேதான் இருக்கிறார், கேமரா வழியாக. பார்க்காதவர்கள் நாம்.

மறுநாள் ஞாயிறு பூம்புகாருக்குப் போனோம். 1970களின் தொடக்கத்தில் எழுந்த சிலப்பதிகாரக் கலைக்கூடத்தைச் சுற்றிவந்தோம். கீழையூர்ப் பக்கம் அகழ்ந்தெடுத்த செங்கல் படகுத்துறையைப் பற்றிப் பேசிக்கொண்டே கடற்கரைக்கு நடந்தோம். சென்னையில் வளர்ந்த நண்பருக்குப் பூம்புகார் என்றால் அண்ணா சாலையில் சுவாமிமலைச் சிலையும் தஞ்சாவூர்த் தட்டும் விற்கும் அரசுக் கடைதான் முதலில் நினைவுக்கு வருமாம். கைத்திறத் தொழில்கள் வளர்ச்சிக் கழகம் தன் கடைகளுக்கு அந்தப் பெயரைச் சூட்டியிருக்கிறது. ஊர் போய்ப் பெயர் கடையாக நிற்பது பொருத்தமே என்றார் அவர். ஊர் எங்கே போயிற்று? இதோ இருக்கிறது. இங்கிருப்பவர்கள் துணி எடுக்க மயிலாடுதுறைக்குப் போகிறார்கள், அவ்வளவே.

பொழுது சாய்ந்ததும் கடற்கரைக் கடைகளில் விளக்குகள் எரியத் தொடங்கின. சங்கு மாலை விற்பவரிடம் ஒன்று, சுண்டல்காரரிடம் ஒன்று, மீன் வறுக்கும் அம்மாளிடம் ஒன்று. எல்லாம் மின்கலத்தில் எரியும் வெள்ளை விளக்குகள். வறுக்கும் அம்மாள் கவிழ்த்துப்போட்ட பிளாஸ்டிக் வாளியின் மேல் உட்கார்ந்திருந்தார்.

திரும்பும் பேருந்துக்காக நாங்கள் காத்திருந்தபோது மயிலாடுதுறையிலிருந்து ஒன்று வந்து நின்றது. 2021 மே முதல் நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை. கட்டைப்பைகளோடு பெண்கள் சளசளவென்று இறங்கினார்கள். அவர்களுள் ஒருத்தி நேரே மீன்கடைக்குப் போய், கடை அம்மாளின் விளக்கடியில் பையைத் திறந்து சேலையை எடுத்துக் காட்டினாள். அம்மாள் எண்ணெய்க் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்து பார்த்தார்.

"நல்லாத்தான் இருக்கு. நீயா எடுத்தே?"

"இல்லத்த. கடையில ஒரு புள்ள நின்னுச்சு. அதுதான் எடுத்துக் குடுத்துச்சு. பாவம், அதுக்குக் காலு வீங்கிக் கெடந்துச்சு."