சிறைக்குப் போன ரெண்டு பேர்

நான் இருக்கறது யூட்டாவுல. பக்கத்து வீட்டு மார்மன் பெரியவர் ஜோசப் ஸ்மித் கதையைச் சொல்லாத நாளில்லை. 1838-ல மிசௌரி கவர்னர், மார்மன்களைத் துரத்துங்க, இல்லாட்டி ஒழிச்சுடுங்கன்னு உத்தரவு போட்டார். ஸ்மித் ஜெயிலுக்குப் போனார். 1844-ல வேறொரு ஜெயிலுக்குள்ள புகுந்த கும்பல் அவரைச் சுட்டுக் கொன்னுது. நம்ம ஆளுங்களும் அடப்பாவமேன்னு கேட்டுக்கறாங்க.

அதே காலத்துல திருவிதாங்கூர் ராஜா அய்யா வைகுண்டரைச் சிறையில போட்டாரே, அது எத்தனை பேருக்குத் தெரியும்? பொறந்தப்போ வெச்ச பேர் முடிசூடும் பெருமாள். இந்தச் சாதிக்கு இப்படிப் பேரான்னு முத்துக்குட்டின்னு மாத்த வெச்சாங்க. தலைப்பாகை கட்டக்கூடாதுன்னு அடக்கி வெச்ச ஜனங்களைக் கட்டச் சொன்னார். எல்லா சாதியையும் ஒரே கிணத்துல தண்ணி எடுக்க வெச்சார். பொறுக்குமா?

இதை எங்க தமிழ்ப் பள்ளியில சொல்லிக் குடுக்கலாமேன்னேன். "அது சாதி மேட்டர் சார், பசங்களுக்கு எதுக்கு?"ன்னாங்க.

நான் குப்பத்துக்காரன். சின்ன வயசுல 'அரவவாடு'ன்னு தெலுங்குப் பசங்க கிண்டல் பண்ணினதை இன்னும் மறக்கலை. அந்தக் கதையைச் சொன்னா இதே நண்பர்கள் கொதிச்சுப் போறாங்க. அடுத்தவன் நம்மளை மட்டம் தட்டினா வரலாறு. நம்மாளு நம்மாளை மிதிச்சா சாதி மேட்டரா?

மிசௌரி 1976-ல அந்த உத்தரவை ரத்து பண்ணி வருத்தமும் தெரிவிச்சுது. நமக்குப் பாடத்துல ஒரு பக்கம் ஒதுக்கவே மனசில்லை.

பசங்க கேள்வி கேப்பாங்கன்னு பயமா? கேக்கட்டுமே!