உயிரா ருசியா என்ற பொய்க்கணக்கு

"உயிர் பிழைத்தால் போதும், ருசி எதற்கு?" வாய், தொண்டைப் புற்றுநோய்க்குக் கரண்ட் (கதிர்வீச்சு) வைக்கப் போகிறவரிடம் வீட்டார் சொல்லும் ஆறுதல் இது. அக்கறையில் குறையில்லை, கணக்குதான் பிசகு.

கதிர்வீச்சு ஆறேழு வாரம் நடக்கும்; மொத்தம் 60 முதல் 70 கிரே (கதிர் அளவின் அலகு) வரை. இரண்டாம், மூன்றாம் வாரத்திலேயே சோறு மண்ணாகத் தெரியத் தொடங்கும். வாய்ப்புண்ணும் சேர்ந்துகொள்ள, தட்டு அப்படியே திரும்பி வரும். எடை இறங்கினால், தலை அசையாதிருக்க முகத்தில் அச்செடுத்த மாஸ்க் தளர்ந்துவிடும். குறி தவறாமலிருக்க மறுபடி ஸ்கேன், மறுபடி திட்டம். உடம்பு தாங்காமல் நடுவில் சிகிச்சை தடைபட்டாலோ கட்டி அடங்கும் வாய்ப்பே குறைகிறது. ருசியைக் காப்பதும் உயிரைக் காக்கும் வேலையில் சேர்ந்ததுதான்.

"வாயில் கதிர் படத்தானே செய்யும், என்ன செய்ய முடியும்?" பழைய இயந்திரங்களைப் பற்றி இப்படிச் சொல்லியிருந்தால் ஒப்புக்கொள்ளலாம். கதிரின் செறிவை இடத்துக்கிடம் மாற்றும் இன்றைய ஐ.எம்.ஆர்.டி. முறையில் மருத்துவர் ஸ்கேன் படத்தில் கட்டியை மட்டுமல்ல, காக்க வேண்டிய உறுப்புகளையும் கோடிட்டுக் காட்டுகிறார். காதடியிலுள்ள உமிழ்நீர்ச் சுரப்பிக்குச் சராசரியாகச் சுமார் 26 கிரேக்கு மேல் போகாமல் பார்த்துக்கொண்டால் அது பிழைக்க வழியுண்டு. உமிழ்நீரில் கரைந்தால்தானே சுவை நாக்கின் மொட்டைச் சேரும்! பிரிட்டனில் நடந்த பார்ஸ்போர்ட் ஆய்வு 2011இல் வெளியானது. ஓராண்டுக்குப் பின், சொல்லத்தக்க வாய் வறட்சி பழைய முறையில் 74 சதவீதம் பேருக்கு, ஐ.எம்.ஆர்.டி.யில் 38 சதவீதம்.

மேல்தாடை, அண்ணக் கட்டிகளுக்கு இன்னொரு வழி இருக்கிறது. பல் மருத்துவர் செய்துதரும் கடிகட்டையை வாயில் வைத்தால் நாக்கு கீழே ஒதுங்கி, கதிரின் பாதையிலிருந்து விலகும். திட்ட ஸ்கேனையே அதைக் கடித்தபடி எடுக்க வேண்டும் என்பதால், கேட்பதானால் அதற்கு முன்பே கேட்க வேண்டும். கட்டி நாக்கிலேயே இருந்தால் இந்தப் பேச்சுக்கு இடமில்லை. அங்கே முழு அளவு போயே ஆக வேண்டும்.

"ஜிங்க் மாத்திரை போடுங்கள், சரியாகிவிடும்." 2007இல் வெளியான, 173 பேரிடம் செய்த சோதனையில் ஜிங்க் ருசியிழப்பைத் தடுக்கவில்லை.

"முடிந்ததும் தானே திரும்பும்." பாதி உண்மை. சுவை மொட்டின் செல்கள் ஏறக்குறைய 10 நாளுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படுபவை. பலருக்குச் சில மாதங்களில் ருசி மீள்கிறது. சிலருக்கு ஓராண்டு கழித்தும் குறை நிற்கிறது.

கடைசியாக நம் சமையலறை வைத்தியம்: "நாக்கு செத்திருக்கு, காரமா ஊறுகாய் வை." காரம் ருசியே அல்ல, எரிச்சலைச் சொல்லும் நரம்பு வழியே போவது. புண்ணான வாயில் அது எரிவது மட்டுமே மிச்சம். குளிர்ந்த தயிர்சாதம், குழைந்த பொங்கல், சாப்பிடும் முன் உப்பும் சமையல் சோடாவும் சிறிது கரைத்த வெதுவெதுப்பான நீரில் கொப்பளிப்பு: இவை போதும். எதைத் தின்றாலும் இரும்பு வாடை வருகிறதென்றால் எவர்சில்வர் கரண்டிக்குப் பதில் மரக்கரண்டி கொடுத்துப் பாருங்கள்.