இல்லமும் ஊரும்: தேங்காய்க்குச் சட்டை எதற்கு?



சென்ற ஞாயிறன்று எங்கள் பகுதியிலுள்ள பல்பொருள் அங்காடி ஒன்றுக்குச் சென்றிருந்தேன். இயற்கை அன்னை நாரும் ஓடும் இட்டு அனுப்பிய தேங்காயைப் பிளாஸ்டிக் தாளால் இறுகச் சுற்றி வைத்திருந்தனர். தோலுடன் பிறந்த வாழைப்பழத்திற்கும் அதே சட்டை! வீடு திரும்பிப் பண்டங்களைப் பிரித்தபின், உறைகளே ஒரு கூடை நிறைந்தன. இவையெல்லாம் எங்கே செல்கின்றன?

மும்பையில் வாழும் நாம் இதற்கு விடை அறிவோம். 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூசில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை பெய்தது. வெள்ளம் வடியாமைக்குக் காரணங்கள் பல. வடிகால்களை அடைத்துக் கிடந்த பிளாஸ்டிக்கும் அவற்றுள் ஒன்று. 2018-இல் மராட்டிய அரசு பிளாஸ்டிக் பைகளைத் தடை செய்தது. 2022 ஜூலை முதல் நாள் தொட்டு, உறிஞ்சு குழல், பிளாஸ்டிக் கரண்டி போன்றவை நாடெங்கும் விலக்கப்பட்டன. ஆயினும் தொழிற்சாலையிலேயே உறையிடப்பட்டு வரும் பண்டங்களை இத்தடைகள் பெரிதும் தீண்டவில்லை.

அங்காடியினர் செய்யத்தக்கது யாது? தாராவியை நினைத்துப் பாருங்கள். நம்மவர் பலர் தலைமுறைகளாக வாழும் அவ்விடத்தில், கழிவு பிளாஸ்டிக்கை வகை வகையாகப் பிரித்து, நொறுக்கி, கழுவி, உருக்கி மீண்டும் குருணையாக்குகின்றனர். தண்ணீர்ப் புட்டிக்கும் எண்ணெய்க் கேனுக்கும் அங்கே விலை உண்டு. உருளைக்கிழங்கு வறுவல் வரும் பளபளப்பான உறையையோ வாங்குவார் அரியர். பலவகைப் பிளாஸ்டிக்கும் உலோகப் பூச்சும் ஒன்றோடொன்று ஒட்டிய அதனைப் பிரித்தெடுத்தல் எளிதன்று. பங்கார்க் கடைக்காரர் கைவிட்ட உறையே சாக்கடைக்கும் குப்பை மேட்டுக்கும் போய்ச் சேர்கிறது. அவர் விலை கொடுப்பாரா என்பதே நல்ல உறைக்கு உரைகல்.

எனவே அங்காடியினர் முதலில் வேண்டாத உறையை நீக்க வேண்டும். அடுத்து, அரிசி, பருப்பு, சோப்புத்தூள் ஆகியவற்றை நாம் கொண்டுசெல்லும் பையிலோ பாத்திரத்திலோ நிறுத்துத் தரலாம். உறை இன்றியமையாத இடத்தில், ஒரே வகைப் பிளாஸ்டிக்கால் ஆன நிறமற்ற உறையைத் தேர்ந்தெடுக்கலாம். தம் பெயரிட்டு விற்கும் பண்டங்களில் இதனை அவர்களே தொடங்க இயலும். பிற உற்பத்தியாளரையும் வற்புறுத்த இயலும்.

2019-இல் தாய்லாந்தின் சியாங் மாய் நகரத்து ரிம்பிங் அங்காடி, காய்கறிகளை வாழையிலையில் சுற்றி மூங்கில் நாரால் கட்டி விற்றது. உலகம் அதனை வியந்து பேசியது. பூக்கடையில் வாழையிலைப் பொட்டலம் வாங்கிப் பழகிய நமக்கு அது புதுமையன்று.

எல்லா உறையும் தீது என்பது என் கருத்தன்று. உறையின்றிப் பண்டம் கெட்டு வீணானால் அதுவும் இழப்பே. காகிதமும் மரத்தையும் நீரையும் செலவழித்தே உருவாகிறது. ஆதலின் எல்லாவற்றையும் காகிதத்தில் சுற்றிவிடுதலும் தீர்வாகாது.

ஒருவர் கேட்டால் அங்காடி மேலாளர் புன்னகை செய்து அனுப்பிவிடுவார். நாற்பது குடும்பத்தினர் கேட்டால் கணக்குப் பார்க்கத் தொடங்குவார். அடுத்த முறை கடைக்குச் செல்லுகையில் துணிப்பையை மறவாதீர்கள். தேங்காய்க்குச் சட்டை வேண்டாமென்று சொல்லவும் மறவாதீர்கள்.