பட்டி பார்த்தா போதுமா?

போன செமஸ்டர் லீவுல தாத்தாவோட பழைய அம்பாசடருக்கு டயர் மாத்தலாம்னு கதவுக்குக் கீழே ஜாக்கி போட்டேன். கார் மேலே ஏறல; ஜாக்கிதான் காருக்குள்ள ஏறிச்சு. 'பொருக்'னு உடைஞ்சு விழுந்ததை எடுத்துப் பார்த்தா, அது தகடே இல்லை. விரல் தடிமனுக்கு எபாக்ஸி பட்டி, அதுக்கு மேல பளபளன்னு வெள்ளை பெயிண்ட்.

இரண்டு வருஷத்துக்கு முன்னாடி ஒரு ஷெட்ல டிங்கரிங் பார்த்த இடம் அது. "வெல்டிங் எதுக்கு தம்பி, பட்டி போட்டா ஓட்டையே தெரியாது"ன்னு சொன்னாங்க. உண்மைதான், தெரியவே இல்லை.

உடனே 'எபாக்ஸி மட்டம்'னு முடிவு கட்டிடாதீங்க. 1996-ல் வந்த லோட்டஸ் எலீஸ் காரின் அலுமினிய சேசிஸையே எபாக்ஸி பசையாலதான் ஒட்டினாங்க. ஆனா அங்கே ஒரு பாகத்தின் மேல் இன்னொன்று அகலமாகப் படியும்படி வடிவமைத்து ஒட்டினார்கள். துரு தின்ற ஓட்டையில் பட்டிக்குக் கிடைப்பது காகிதம் மாதிரி மெலிந்த ஒரு விளிம்பு மட்டும். அதைப் பிடிச்சுக்கிட்டு அது எவ்வளவு சுமை தாங்கும்?

முதல் வருஷம் படிச்ச கணக்கை நினைச்சுப் பாருங்க. எஃகின் யங் குணகம் சுமார் 200 கிகாபாஸ்கல். எபாக்ஸிக்கு அது சில கிகாபாஸ்கல்தான். அதனால் சுமை பட்டி வழியாகப் போகாது. சுற்றியுள்ள மெலிந்த தகட்டின் வழியாகத்தான் போகும். அம்பாசடருக்குத் தனி சேசிஸ் கிடையாது, பாடிதான் எலும்புக்கூடு. கதவுக்குக் கீழே ஓடும் அந்தப் பெட்டி வடிவப் பாகமும் தரைத் தகடும் சேர்ந்துதான் காரைத் தாங்குது.

இன்னொரு சிக்கல், துரு பெரும்பாலும் உள்ளிருந்து வருது. வடிகால் துளை சேறால் அடைபட்டா பெட்டிக்குள்ள தண்ணி நிக்கும். வெளியே ஓட்டை தெரியும்போது உள்ளே பாதி போயிருக்கும். வெளிப்பக்கம் மட்டும் பட்டி போட்டா, ஈரத்தை உள்ளே வச்சு மூடி போட்ட கதைதான். இரும்பு துருவாகும்போது பருமன் இரண்டு மடங்குக்கும் மேல் கூடும். அது பட்டியை உள்ளிருந்து தள்ளும். வெயிலில் எபாக்ஸி எஃகைவிடப் பல மடங்கு விரியும். ஓரத்துல விரிசல் விட்டா அந்த வழியா மறுபடியும் தண்ணி.

அப்போ எங்கேதான் போடலாம்? ஃபெண்டரில், கதவின் அடிப்பகுதியில், டிக்கி மூடியில் உள்ள ஊசித்துளைகளுக்குத் தாராளமா போடலாம். தகடு பளிச்சுனு தெரியும்வரை துருவைச் சுரண்டி, எமரி தேய்ச்சு, தின்னரால் துடைத்துவிட்டுப் போடணும். உள்பக்கம் மெழுகோ எண்ணெயோ அடிக்கணும். மெல்லிய தகட்டை வெல்டிங் சூடு நெளித்துவிடும். பெட்ரோல் டாங்க் பக்கத்தில் தீப்பொறியே ஆபத்து. இந்த மாதிரி இடங்களில் எபாக்ஸியின் அருமை புரியும். ஆனா ஜாக்கி போடுற இடம், பட்டை ஸ்பிரிங் மாட்டுற இடம், சீட் பெல்ட் போல்ட், தரை, கதவடிப் பெட்டி, இங்கெல்லாம் துருத் தகட்டை வெட்டி எடுத்துப் புதுத் தகடு வச்சு வெல்டிங்தான். இதுல பேரமே கிடையாது.

'காசு இல்லையே'ன்னு கேட்பீங்க. நியாயம்தான். காசு சேர்ற வரைக்கும் ஓட்டையை ஓட்டையாவே விட்டுட்டு வண்டியை நிறுத்தி வைங்க. தெரியுற ஓட்டை நம்மை எச்சரிக்கும். பெயிண்ட் அடிச்ச பட்டி, அடுத்து அந்தக் காரை வாங்குறவரையும் அவர் குடும்பத்தையும் ஏமாத்தும். எங்க வீட்டில் ஜாக்கியோட போச்சு. நான் இன்னும் காருக்கு அடியில் கையை விடல. நெடுஞ்சாலையில் ஸ்பிரிங் பிடுங்கிக்கிட்டு வந்திருந்தா?

பழைய கார் வாங்கப் போறீங்களா? ஒரு சின்னக் காந்தத்தைத் துணியில் சுற்றி பாடி மேல நகர்த்துங்க. பிடி தளர்ற இடத்துல அடியில பட்டி இருக்கு. இரும்புத்தூள் கலந்த பட்டி காந்தத்தை ஏமாத்தலாம். அதனால விரலால் தட்டியும் பாருங்க, தகடு கணீர்னு கேட்கும், பட்டி மொத்துனு கேட்கும்.

2014-ல் அம்பாசடர் தயாரிப்பே நின்னு போச்சு. இருக்கிற வண்டிகளை நாமதான் காப்பாத்தணும். அடுத்த மாசம் தாத்தா வண்டிக்குப் புதுத் தகடு வைக்கிறோம். இந்தத் தடவை பட்டி பூசுறதுக்கு முன்னாடி, ஷெட்லயே நின்னு வெல்டிங்கைப் பார்த்துட்டுத்தான் வருவேன்.