சாயத்தின் விலையை நெசவாளர் வீடு கொடுக்கலாமா?

புற்றுநோய் உண்டாக்கும் அமைன்களை வெளியிடக்கூடிய அசோ சாயங்களை ஜெர்மனி 1994-இல் தடை செய்தது. இந்தியாவும் 1997-க்குள் மொத்தம் 112 சாயங்களைத் தடை செய்தது. பட்டு உடுத்துபவரின் உடல் இப்படிக் காக்கப்படுகிறது. நெசவாளரின் உடலை யார் காப்பது? காஞ்சிபுரத்தில் தறி வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. சாயக்கழிவும் சாக்கடையும் அங்கு ஓடும் வேகவதி ஆற்றைக் கெடுத்திருக்கின்றன. தடைப்பட்டியலில் இல்லாத சாயமும் கழிவாக ஆற்றில் கலந்தால் கேடுதான்.

சிறு பட்டறைகள் சுத்திகரிப்புச் செலவைத் தாங்காது என்பார்கள். உண்மைதான், அதனால்தான் பொதுச் சுத்திகரிப்பு நிலையம் வேண்டும், செலவை அரசும் பெரிய ஜவுளிக்கடைகளும் பகிர வேண்டும். கழிவுநீர் மாசு காரணமாகத் திருப்பூர் சாயப்பட்டறைகளை மூட 2011-இல் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. அந்த நிலை காஞ்சிக்கு வர வேண்டாம். சேலை வாங்குவோரே, ஜரிகையைச் சோதிக்கும் அக்கறையோடு சாயத்தைப் பற்றியும் கேளுங்கள்.